அண்ணனின் கருப்பாயியும் பிரபுவின் புது வண்டியும்

சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து முதலில் முறுக்கு டப்பாவை எடுத்தார். அப்புறம் வேட்டிகளை எடுத்தார். கடைசியில் பழைய துண்டில் சுற்றியிருந்த டைனமோவை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். ஏசி குளிரிலும் வியர்த்துவிட்டது.

மலாயில் ஏதோ கேட்டார். “கார்” என்றேன். அவர் டைனமோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி எழுந்து வந்தார். என் அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார், வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று வைத்திருக்கிறார், அதில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற சாமான் இது, இந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில்தான் கிடைக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இரண்டு பேரும் பேசிச் சிரித்தார்கள். “வேற ஒண்ணும் இல்ல அங்கிள், ஊர்லேர்ந்து எல்லாரும் புளியும் அப்பளமும்தான் கொண்டு வருவாங்க, நீங்க இன்ஜின் கொண்டு வந்திருக்கீங்கன்னு இவரு சொல்றாரு” என்றார் தமிழ் அதிகாரி. அவமானமாக இருந்தாலும் விட்டார்களே என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த டைனமோவுக்காகத்தான் அண்ணன் எனக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார். “அப்படியே இன்டர்நேஷனல் லைசென்ஸும் எடுத்துட்டு வா. கருப்பாயியை உன் கையில தரேன், ஹைவேல ஓட்டிப் பாரு” என்று போனில் ஆசை காட்டியிருந்தார். திருச்சியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன், ஸ்டியரிங்கிலேயே கியர் உள்ள பழைய அம்பாசடர் ஒன்று வைத்திருக்கிறேன். அதனால் லைசென்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

விமான நிலைய வாசலில் அண்ணனின் கார் கருப்பாயி நின்றாள். கன்னங்கரேல் என்று, முட்டை மாதிரி முகட்டோடு, பொட்டு வைத்த முகப்போடு. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் அண்ணன் வாங்கியது. திரும்ப வேண்டுமென்றால் விளக்கு மினுக்காது, கதவுத் தூணிலிருந்து ஒரு சின்ன ஆரஞ்சுக் கை வெளியே நீளும். சுற்றிலும் நின்ற புதுக் கார்களுக்கு நடுவே அவள் கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். அண்ணன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், நேராக நின்றார். பக்கத்தில் அண்ணி.

“நான் ஓட்டவாண்ணே?” என்றேன்.

“வந்ததும் வராததுமாவா? பின்னாடி ஏறுடா சுந்தரம்” என்றார்.

அண்ணி முன்னால் ஏறினாள். வண்டி கிளம்பியதும் அவள் வாய் திறந்தது. அது மூடவே இல்லை. “அந்த நீல லோரியைப் பாருங்க, என்னமா ஒட்டிக்கிட்டு வரான்.” “இடது பக்கம் ஒரு மோட்டார்க்காரன், முதுகுல எவ்வளவு பெரிய மூட்டை.” “முன்னாடி வெள்ளைக் காடி பிரேக் போட்டுப் போட்டுப் போறான், யார் வீட்டையோ தேடுறான் போல.” இங்கே காருக்குக் காடி என்றும் மோட்டார் சைக்கிளுக்கு மோட்டார் என்றும்தான் பேச்சு. எனக்குத் தலை வலித்தது. கல்யாணமாகி வந்தபோது அண்ணி நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டாள். இந்த ஊர்த் தண்ணீர் அவளை இப்படி ஆக்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். நான் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கத் தலையை நீட்டினால், அவள் பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்ணின் குடையைக் காட்டினாள். அந்த வருஷம் கோபுர உச்சியில் இன்னும் கிரேன் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் எதற்கும் பதில் சொல்லாமல், நேரே பார்த்து ஓட்டினார்.

வீட்டில் தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தேன். கதவுப் பக்கம் சம்பால் பாட்டிலுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஒரு சின்னக் கண் மருந்து நின்றது. யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அண்ணன் என்னைச் சாப்பாட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். பிரிக்ஃபீல்ட்ஸில் திருச்சியை விட நல்ல தோசை கிடைக்கிறது என்பதை எழுதவே எனக்கு மனசில்லை, ஆனாலும் உண்மை. ரொட்டி சானாய் என்று ஒன்று, நம் புரோட்டாவின் ஒன்றுவிட்ட தங்கை, கையால் கிழித்துப் பருப்புக் குழம்பில் போட்டுத் தின்றேன். டீயை ஒரு முழம் இழுத்து ஆற்றிக் கொடுக்கிறான். கடைக்காரப் பெண் அண்ணனின் இடது பக்கமாக வந்து கிளாஸை நீட்டினாள். அவர் கவனிக்காமலே உட்கார்ந்திருந்தார். “அங்கிள், தே” என்று அவள் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் திரும்பினார். வரும் வழியில் பூக்கடை வாளியில் இடித்துக்கொண்டார். வசதி வந்தால் மனுஷன் கீழே பார்த்து நடப்பதில்லை என்று மனசுக்குள் திட்டினேன்.

டைனமோவை மாட்ட ஆ செங் என்ற சீன மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனோம். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார், முடிவில் இந்த ஊர் ‘லா’ ஒன்றைச் சேர்த்து. மாட்டி முடித்து, இன்ஜின் ஓடி, சிவப்பு விளக்கு அணைந்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது. கல்லாவில் பேச அவர் உள்ளே போனபோது ஆ செங் இடது பக்கத்து மட்கார்டைத் தட்டிக் காட்டினார்.

“போன மாசம் இங்கே பெயிண்ட். அதுக்கு முன்னால இந்தக் கதவு பெயிண்ட். எப்பவும் இடது பக்கம்தான் பாஸ். வீட்டுல அந்த கேட் தூணை இடிக்கச் சொல்லு லா.”

நான் சிரித்தேன். தூண்தான் குற்றவாளி என்று நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் பிரபு வந்தான். அண்ணனின் ஒரே பிள்ளை, கிள்ளானில் குடும்பத்தோடு இருக்கிறான், துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் தொழில். அவன் வந்த வண்டியைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெள்ளி நிறம், என் மார்பளவு மூக்கு, ஏறுவதற்குப் படி, முன்னால் குழாய்க் கம்பித் தடுப்பு, பின்னால் முதுகில் சுமந்த சக்கரம். லாரிக்கும் காருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. இங்கே இதை ஃபோர்வீல் என்கிறார்கள். காட்டுக்கும் மலைக்கும் போவதற்காகச் செய்ததாம். பிரபு இதில் ஆபீஸுக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போகிறான்.

மறுநாள் காலை கிள்ளான் கோயிலில் அந்த வண்டிக்குப் பூசை. எல்லோரும் அன்றைக்கே அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு.

“அப்பா, அந்தக் காடியை விட்டுட்டு இதுல வாங்க” என்றான் பிரபு.

“உன் லோரியில நீ போ. எனக்குக் கால் இருக்கு” என்றார் அண்ணன், கருப்பாயியின் கூரையைத் தடவிக்கொண்டே.

“அப்ப அம்மாவாச்சும் வரட்டும். ஆசைப்பட்டு வாங்கிருக்கேன், அம்மாதான் முதல்ல உக்காரணும்.”

அண்ணி முகம் வெளுத்தது. “நான் அப்பாகூடவே வரேன்டா” என்றாள். பிரபு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பிள்ளை முகம் வாடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஏறப்போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

“தம்பி, நீங்க முன்னாடி உக்காருங்க. பேசிக்கிட்டே வாங்க. எதைப் பார்த்தாலும் சொல்லிக்கிட்டே வாங்க. சும்மா இருந்துடாதீங்க.”

அண்ணனுக்குத் தூக்கம் வருமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் பேசும் மனநிலையில் இல்லை. அன்று காலையும் “நான் ஓட்டறேன்” என்று கேட்டு, “அப்புறம் பார்க்கலாம்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் பையில் கிடந்து என்னைக் கேலி செய்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.

ஹைவேயில் பிரபுவின் வண்டி கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு மறைந்தது. கருப்பாயி தன் வேகத்தில் போனாள். ஒன்று சொல்லவேண்டும், அண்ணன் கை அந்த வண்டியில் ஓடுவது பார்க்க அழகு. கியர் கம்பியைப் பார்க்கவே மாட்டார். இன்ஜின் சத்தம் கனக்கும்போதே கை போய்விடும். என் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கக்கூடாது என்று துணி போட்டு மூடி அடிக்கவைப்பேன், அதுபோல இருந்தது. டோலில் காசு கொடுத்ததும் சரி, வளைவுகளில் திரும்பியதும் சரி, பாதையே அவர் உடம்பில் இருந்தது. ஆனால் ஒரு பஸ் இடது பக்கத்திலிருந்து எங்கள் பாதைக்குள் மூக்கை நீட்டியபோது அண்ணன் அசையவில்லை. பஸ்காரன்தான் ஹாரன் அடித்துப் பின்வாங்கினான். “முரட்டுப் பய” என்றார். அடுத்து ஒரு லோரி. அதுவும் இடது பக்கம். அண்ணன் தோள் லேசாக இறுகியது. என் கால் தன்னால் தரையை அழுத்த ஆரம்பித்தது.

கிள்ளானில் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் திரும்ப வேண்டும். அண்ணன் விசையைத் தட்டினார், என் பக்கத்துத் தூணிலிருந்து ஆரஞ்சுக் கை நீண்டது. என் ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு மோட்டார் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் முன்னால் ஒரு குழந்தை. அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

“அண்ணே, மோட்டார்.”

“எங்கடா?”

அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்த ஒன்றை அவர் எங்கே என்று கேட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து மறுபக்கம் இழுத்தேன். அண்ணன் பிரேக்கை மிதித்தார். மோட்டார் தெருவோரக் கல்லில் ஏறி, சாயாமல் நின்றது. குழந்தை சிரித்தபடி இருந்தது. அதன் அப்பன் இறங்கி வந்து மட்கார்டில் ஓங்கி ஒரு அடி வைத்தான். மலாயில் சொன்னதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, தன் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். கண் தெரியாதா என்கிறான். அண்ணன் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் என் வாய் தானாகத் திறந்தது. “இடது பக்கம் பஸ் ஒண்ணு நிக்குதுண்ணே.” “ஒரு அம்மா ரோட்டைக் கடக்குது.” “தள்ளுவண்டி.” அண்ணன் முதலில் “தெரியுது, தெரியுது” என்றார். பிறகு அதையும் சொல்லவில்லை. நான் சொன்னபடி வண்டி விலகிற்று, நின்றது, போனது. என் குரல் அண்ணியின் குரல் மாதிரியே இருப்பதை நான் அப்போதுதான் கேட்டேன். நீல லோரி, முதுகு மூட்டை, பஸ் ஸ்டாப் குடை. அவள் வம்பு பேசிக்கொண்டு வரவில்லை. அவள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பிரபு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், சமையலறையில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணியிடம் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

“யாருக்காவது அடிபட்டுச்சா தம்பி?”

“இல்ல. ஒரு குழந்தை தப்பிச்சுது.”

அவள் கறிவேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுக்குக் கண்ணில் அழுத்த நோயாம். இடது கண் சுத்தமாகப் போய்விட்டது. வலது கண்ணில் நேரே இருப்பது மட்டும், குழாய்க்குள் பார்ப்பதுபோல. சொட்டு மருந்து விட்டால் இருப்பது இருக்கும், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரபுவுக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? யாராவது செத்தா?”

“அந்தப் பயத்துலதான் தம்பி பாசாருக்குக் காய் வாங்கப் போனாலும் நான் கூடவே ஏறிக்கிறேன். அவரைத் தனியா விட்டதே இல்ல, இன்னைக்குத்தான்.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “வேணாம்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். உனக்குப் பயம்னா இறங்கிக்கன்னுவாரு. பிரபுகிட்ட சொன்னா அன்னைக்கே சாவியைப் பிடுங்கிடுவான். பிள்ளை பிடுங்கினா உங்க அண்ணன் அத்தோட உக்காந்துடுவாரு, எழுந்திரிக்க மாட்டாரு. அவரு வாயாலயே வேணாம்னு சொல்லணும். நாளைக்குப் பூசை முடியட்டும்.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பேன். அப்புறம் நான் பிரபுகிட்ட சொல்லிடுவேன்.”

“சரி தம்பி” என்றாள்.

அன்று சாயங்காலம் பிரபு என்னைப் புது வண்டியில் ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் பூவும் பழமும் வாங்கப் போனான். ஏறி உட்கார்ந்தால் மாடியில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது. தெருவே கீழே போகிறது. கருப்பாயிக்குள் இருந்தால் பெட்ரோல் வாசனை, ஸ்டியரிங் நடுக்கம், சக்கரம் கல்லில் ஏறினால் முதுகெலும்பில் சேதி, எல்லாம் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. ஜன்னலை மூடினால் கிள்ளானே ஊமையாகிவிடுகிறது. கிளட்ச் கிடையாது, காலைத் தூக்கினால் தானே நகர்கிறது. குளுகுளுவென்று இருந்தது, முதுகு வலிக்கவில்லை, பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முன்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அந்த உயரமான மூக்குக்கு அடியில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றால்கூடத் தெரியாது. அண்ணனுக்குக் கருப்பாயியின் சத்தமும் நடுக்கமும் பாதிக் கண். இந்த வண்டியில் அதுவும் இல்லை.

“சித்தப்பா, நீங்க அப்பாகிட்ட பேசுங்க லா. அந்தப் பழைய காடியை விக்கச் சொல்லுங்க. பழைய காடி சேர்க்கிற ஒரு சீனர் கேட்டுக்கிட்டே இருக்காரு. பிரேக்கைப் பார்த்தாலே எனக்கு பயமா இருக்கு. இதுல ஏபிஎஸ் இருக்கு, டபுள் ஏர்பேக் இருக்கு. அப்பாவும் ஓட்டட்டும்னுதான் ஆட்டோ கியர் எடுத்தேன். நாளைக்கு எலுமிச்சம்பழத்து மேல அவரையே ஏத்தச் சொல்லப்போறேன். ஒரு தடவை ஓட்டினா அதை மறந்துடுவாரு, பாருங்க.”

சொல்லிவிட வாய் வரை வந்தது. “அப்பாவே வேணுமா? நீ வாங்கின வண்டி, நீ ஏத்து” என்று மட்டும் சொன்னேன்.

“என்ன சித்தப்பா, மூத்தவர் இருக்கும்போது நான் ஏத்தலாமா?” என்றான். கடையில் எலுமிச்சம்பழங்களை உருட்டி உருட்டிப் பார்த்து, பெரியதாகப் பொறுக்கிக்கொண்டான். அன்றிரவு இடியாப்பமும் நண்டுக் குழம்பும் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

காலையில் கோயில் வாசலில் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. ஐயர் கண்ணாடியில் சந்தனத்தால் ஓம் எழுதினார், சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். இனி வண்டியை முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். பிரபு சாவியை அண்ணன் கையில் வைத்தான். அண்ணன் வேண்டாம் என்று சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். பிள்ளை பெருமையோடு கொடுக்கிற சாவியை அத்தனை பேர் முன்னால் எந்த அப்பன்தான் திருப்பிக் கொடுப்பான். “சுந்தரம், நீயும் ஏறு” என்றார். அவர் குரல் கெஞ்சியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இடது பக்கம் ஏறினேன். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. ஆரத்தித் தட்டோடு அண்ணியும் கூட்டத்தோடு ஒதுங்கினாள். அண்ணன் இன்ஜினை எழுப்பி, கருப்பாயியில் இருப்பதுபோல ஸ்டியரிங்கில் கியரைத் தேடித் தடவினார். நடுவில் இருக்கிறது என்று காட்டினேன். தள்ளினார். இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்போது அண்ணி நகர்ந்தாள். தட்டைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தைவிட்டு வந்து, வண்டியின் இடது மூலைக்கு நேர் முன்னால் நின்றாள். எனக்கு அவள் முகமும் தட்டில் எரிந்த சூடமும் மட்டும் தெரிந்தன. அண்ணன் வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். வண்டி கேட்காமலே நகர ஆரம்பித்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம்கூட உள்ளே கேட்கவில்லை. அண்ணி அசையவில்லை. வாயும் திறக்கவில்லை.

“அண்ணே, நிறுத்துங்க. அண்ணி.”

அவர் நேரே பார்த்தார். நேரே யாருமில்லை. “எங்கடா அவ?”

“இடது பக்கம், முன்னாடி.”

அண்ணனுடைய இரண்டு காலும் ஒரே நேரத்தில் கீழே போயின. கருப்பாயியை நிறுத்துவதுபோல வலது காலால் பிரேக்கை மிதித்தார், இடது காலால் கிளட்ச் என்று நினைத்து எதையோ மிதித்தார். அங்கேயும் பிரேக்தான் இருந்தது. வண்டி முட்டிக்கொண்டு நின்றது. என் நெற்றி முன்னால் போய் இடித்தது. ஆரத்தித் தண்ணீர் முழுதும் வெள்ளி மூக்கின்மேல் சிவப்பாக வழிந்தது. கம்பித் தடுப்பு அண்ணியின் புடவை மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிரபு ஓடிவந்தான். “அம்மா, ஏம்மா அங்க போய் நின்னீங்க? அப்பா, பார்க்கலையா?”

அண்ணன் தலையைத் திருப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக, மிச்சமிருந்த அந்தக் குழாய்ப் பார்வையில் அவள் வந்து விழுகிறவரை திருப்பினார். பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

கதவைத் திறந்து, படியைக் காலால் தடவி இறங்கினார். பிரபுவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐயர் இருந்தார், மருமகள் இருந்தாள், சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

“எனக்கு இடது பக்கம் தெரியாது பிரபு. ரொம்ப நாளா. உன் வண்டியை நீயே ஓட்டு. நான் இனிமே எதையும் ஓட்டல.”

பிரபு அப்பாவைக் கட்டிக்கொண்டான். நான் அண்ணியிடம் போனேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“ஒரு அடி தவறியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?”

“எத்தனையோ தடவை வாயால சொல்லிப் பார்த்துட்டேன் தம்பி” என்றாள். “நீங்க உள்ள இருந்தீங்க. கத்துவீங்கன்னு தெரியும்.” தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

மத்தியானம் பிரபு எங்களைத் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்து, கருப்பாயியின் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். “லைசென்ஸ் இருக்குல்ல? ஓட்டு.” இதற்காக எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். கையில் வந்தபோது அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அண்ணன் இடது பக்கம் ஏறினார். அண்ணி பின்னால் ஏறினாள். ஹைவேயில் புதுக் கார்கள் எங்களைத் தாண்டிப் பறந்தன. மழை பிடித்துக்கொண்டது, கருப்பாயியின் துடைப்பான் அழுதபடி ஆடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைக் கேட்டபடி வந்தார். “மூணு போடு.” போட்டேன். “கிளட்சை முழுசா விடுடா, காலை மேலயே வெச்சிருக்காத.” விட்டேன். ஷா ஆலம் தாண்டியது, சுபாங் ஜெயா தாண்டியது.

ஹைவேயின் குறுக்கே நிற்கும் பெரிய தோரண வளைவு தெரியும்போது அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“அவ ஏன்டா ஒண்ணும் பேசல? கோவமா இருக்காளா?”

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி கதவில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் கோயில் பிரசாதப் பை சரிந்து கிடந்தது.

“தூங்குறாங்கண்ணே.”

அவர் உடம்பையே முழுதாகத் திருப்பி, இருக்கையைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தேடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தக் காடியில அவ தூங்கி நான் பார்த்ததே இல்லடா” என்றார். பிறகு முன்னால் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மெதுவாப் போ சுந்தரம். பிரேக்கை அழுத்தாத, முழிச்சுக்கப் போறா.”